வேலிக்கு வெளியே இருக்கும் இருட்டு

“தம்பி, வானத்தைப் பார்க்கக்கூட வாத்தியார் வேணுமா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். என்னைவிட மூத்தவர், கலிஃபோர்னியாப் பாலைவனங்களில் தனியாகக் கூடாரம் அடித்துத் தங்கிப் பழகியவர். அங்குள்ள ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் ரேஞ்சர்கள் எனப்படும் பூங்காக் காவலர்கள் கூட்டிச்செல்லும் இயற்கை நடைகளுக்கும், ஊர்க்காரர்கள் தொலைநோக்கிகளை வரிசையாக நிறுத்தி நடத்தும் வான்நோக்கு இரவுகளுக்கும், பழைய பண்ணை ஒன்றைச் சுற்றிக்காட்டும் வரலாற்று உலாவுக்கும் நான் தேதி பார்த்துப் போய்வருவது அவருக்கு வேடிக்கையாகப் பட்டது. பாலைவனம் நமக்குத் தருகிற செல்வம் அதன் மௌனம் என்றும், அந்த மௌனத்தின் நடுவே மடக்கு நாற்காலிகளைப் போட்டு ஒருவரை ஒரு மணி நேரம் பேசவைப்பது, விருந்துக்குப் போன இடத்தில் சமையல் குறிப்பை வாசித்துக்கொண்டிருப்பதைப் போன்றது என்றும் அவர் சொன்னார்.

அந்தக் கேள்வியை என்னால் எளிதில் உதற முடியவில்லை, ஏனென்றால் அதில் பாதி நியாயம் இருந்தது. இந்த நிகழ்ச்சிகளுக்குப் போனவர்களுக்கு அவற்றின் சலிப்புகளும் தெரியும். எல்லோரும் எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்ற விசாரிப்பில் முதல் பத்து நிமிடம் கரைந்துவிடும். ரேஞ்சர் நூறு முறை சொல்லித் தேய்ந்த நகைச்சுவைக்கு நாமும் மரியாதைக்காகச் சிரிக்க வேண்டியிருக்கும். கூட்டத்தில் கட்டாயம் ஒருவர், வழிகாட்டியைவிடத் தமக்கு அதிகம் தெரியும் என்பதைக் கேள்வி கேட்பது போன்ற பாவனையில் நிறுவிக்கொண்டே வருவார். இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு நான் ஏன் போகிறேன் என்று யோசித்தபோது, ‘தகவல் கிடைக்கிறது’ என்ற பதில் போதவில்லை. தகவல் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. ‘மனிதர்களைச் சந்திக்கிறேன்’ என்பதும் முழு உண்மை இல்லை. சந்திப்பவர்களில் பெரும்பாலோரை மறுபடி பார்ப்பதேயில்லை. ஆகவே அந்தக் கேள்வி தீராமலே என்னுடன் சில காலம் இருந்தது.

இலையில் ஊதிய மூச்சு

இயற்கை நடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நண்பரின் வாதம் மிகவும் பலவீனமாக இருப்பது அங்கேதான். மொஹாவி பாலைவனமும், அதைவிடத் தாழ்வாகவும் வெப்பமாகவும் இருக்கிற கொலராடோ பாலைவனமும் இந்தப் பூங்காவுக்குள் சந்திக்கின்றன. காரில் கடந்து போகிறவருக்கு இரண்டும் ஒரே பழுப்புதான். எங்களைக் கூட்டிச்சென்ற ரேஞ்சர் கிரியோசோட் புதர் ஒன்றின் அருகே நின்று, எதையும் விளக்காமல், இலையைக் கிள்ளாதீர்கள், கிளையை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு வாயால் ஊதிவிட்டு முகர்ந்து பாருங்கள் என்றார். இலைகள் சிறியவை, மேலே மெழுகு பூசியதைப் போன்ற பிசுபிசுப்பு. மூச்சின் ஈரமும் வெப்பமும் பட்டவுடன் அதிலிருந்து எழுந்தது பாலைவனத்தில் மழை பெய்யும்போது வருகிற அதே வாசனை. அந்த வாசனை மண்ணிலிருந்து வருவதாகவே அதுவரை நினைத்திருந்தேன். அதில் பெரும்பங்கு இந்த இலைப் பிசினுடையது. தனியாகப் பத்து முறை அந்தப் புதரைக் கடந்து போயிருந்தாலும் அதைப் பொத்தி ஊதிப் பார்க்க எனக்குத் தோன்றியிருக்காது.

பூங்காவுக்குப் பெயர் தந்த, ஈட்டி போன்ற கூரிய இலைகளுள்ள ஜோஷுவா மரத்தின் முன்னால் நின்று அவர் சொன்ன கதை இன்னும் நுட்பமானது. அந்த மரத்துக்கு மகரந்தம் சேர்ப்பது யுக்கா அந்துப்பூச்சி என்கிற சிறிய பூச்சி மட்டுமே. பெண் பூச்சி தன் வாயருகே உள்ள தனி உறுப்புகளால் மகரந்தத்தைத் திரட்டி உருண்டையாக வைத்துக்கொண்டு, வேறொரு பூவுக்குப் போய், சூலகத்தில் முட்டையிட்டபின் அந்த மகரந்தத்தைச் சூல்முடியில் தானே வைத்து அழுத்துகிறது. பிறக்கும் புழுக்கள் விதைகளில் ஒரு பகுதியைத் தின்னும், மீதி மரத்துக்கு. மற்றப் பூச்சிகளின் மகரந்தச் சேர்க்கை போகிற போக்கில் நடப்பது. இந்தப் பூச்சியோ அந்த வேலையைச் செய்வதற்கென்றே உறுப்பும் பழக்கமும் கொண்டது. மரம் இல்லாமல் பூச்சிக்கு வாழ்வில்லை, பூச்சி இல்லாமல் மரத்துக்கு விதையில்லை.

அந்த நடையில் வந்தவர்களுள் சிலர் கையில் அளவுகோலும் குறிப்பேடும் வைத்துப் பழகிய தன்னார்வலர்கள். ரிவர்சைடிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றுக்கு, 4,000-க்கும் மேற்பட்ட ஜோஷுவா மரங்களைப் பற்றிய விவரங்களைச் சேகரிப்பதில் தன்னார்வலர்களும் பங்கெடுத்திருந்தார்கள். வெப்பமாதலைக் கட்டுப்படுத்தக் கடும் முயற்சி எடுத்தால் பூங்காவிலுள்ள வாழிடத்தில் 19 சதவீத அளவு 2070-க்குப் பின்னும் எஞ்சலாம் என்றும், ஒன்றுமே செய்யாவிட்டால் 0.02 சதவீதம்தான் மிஞ்சும் என்றும் அந்த ஆய்வு கணித்தது. மரத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட பூங்காவில் அந்த மரம் இல்லாமல் போகலாம் என்பதை, வெயிலில் நின்று அளவெடுத்த ஊர்க்காரர் வாயால் கேட்பதற்கும் செய்தியில் படிப்பதற்கும் வேறுபாடு உண்டு. அவர் குரலில் பதற்றம் இல்லை. எந்தச் சரிவில் இளங்கன்றுகள் இருக்கின்றன, எதில் கிழமரங்கள் மட்டும் நிற்கின்றன என்று கணக்குச் சொல்வதைப் போலச் சொல்லிக்கொண்டு போனார்.

கீஸ் பண்ணை

வரலாற்று உலா நடப்பது கீஸ் பண்ணையில். அதன் கதவு பூட்டியே இருக்கும். ரேஞ்சர் உடன் வந்தால்தான் உள்ளே போகலாம். வில்லியம் கீஸ் 1910-இல் இந்தப் பக்கம் வந்தவர். சுரங்கம் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்து, பிறகு நிலத்தைப் பெற்று, 1918-இல் பிரான்சிஸை மணந்து, 1969-இல் தாம் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். ஏழு குழந்தைகள் பிறந்தார்கள். மூவர் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள். கைவிடப்பட்ட சுரங்கங்களிலிருந்தும் குடியிருப்புகளிலிருந்தும் அவர் பொறுக்கிவந்து சேர்த்த இரும்பும் மரமும் இன்றும் வரிசையாகக் கிடக்கின்றன: சக்கரங்கள், குழாய்கள், அடுப்புகள், கார் உடல்கள். எதையும் எறியாதவரின் முற்றம் அது. மழை எப்போதாவது பெய்யும் மண்ணில் அணை கட்டி நீர் தேக்கி, பழமரம் வளர்த்து, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்த உலாவில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது கொலைக் கதையைத்தான். பக்கத்து நிலத்துக்காரரான வொர்த் பாக்லிக்கும் கீஸுக்கும் ஒரு பாதையைப் பற்றித் தகராறு. 1943 மே 11 அன்று இருவரும் துப்பாக்கியோடு எதிர்ப்பட்டு, பாக்லி இறந்துபோனார். தற்காப்புக்காகச் சுட்டதாகக் கீஸ் சொன்னார், நீதிமன்றம் ஏற்கவில்லை. சான் க்வெண்டின் சிறைக்கு அனுப்பப்பட்டு, 1948-இல் பரோலில் வெளிவந்தார். வழக்கறிஞரும் துப்பறியும் கதைகள் எழுதியவருமான எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் இந்த வழக்கைக் கையில் எடுத்ததன் விளைவாக 1956-இல் அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. சிறையிலிருந்து திரும்பிய கீஸ், பாக்லி விழுந்த இடத்தில், ஆள் பெயரும் தன் பெயரும் தேதியும் பொறித்து ஒரு கல்லையும் நட்டு வைத்தார். ரேஞ்சர் இதைச் சொல்லிவிட்டு நாடகமாக நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேறொன்று சொன்னார்: கண்ணுக்கு எட்டும் தொலைவுவரை யாருமற்ற நிலம் கிடக்க, இரண்டு பேர் ஒரு வண்டிப் பாதைக்காகச் சுட்டுக்கொண்டார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள், ஆளில்லாத இடத்திலும் பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார் என்றார். அப்போது அதைச் சாமர்த்தியமான ஒரு முத்தாய்ப்பாகவே எடுத்துக்கொண்டேன். அந்த வாக்கியம் எதற்கு உதவும் என்பது இரவு வந்தபின் தெரிந்தது.

“அது என்ன வெளிச்சம்?”

பூங்காவின் வடக்கு வாயிலுக்குச் சற்று வெளியே, ட்வெண்டிநைன் பாம்ஸ் ஊரின் விளிம்பில், தன்னார்வலர்களே நடத்தும் ‘ஸ்கைஸ் தி லிமிட்’ என்ற வானோக்கு மையம் இருக்கிறது. நிலவில்லாத ஏப்ரல் இரவு ஒன்றில் அங்கே போயிருந்தோம். ஜோஷுவா மரங்கள் பூத்து ஓயும் பருவம். பகல் இதமாக இருந்தாலும் இரவில் கம்பளி இல்லாமல் நிற்க முடியாது. வாகன விளக்குகளை அணைத்துவிட்டு, கைவிளக்குகளுக்குச் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு, கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு இருபது முப்பது நிமிடம் சும்மா இருக்கச் சொன்னார்கள். மங்கலான ஒளியில் பார்க்க உதவும், விழித்திரையின் கோல் செல்களில் உள்ள நிறமி வெளிச்சத்தில் சிதைந்து, இருட்டில் மெல்லத்தான் மீண்டும் சேர்கிறது. ஒருவர் மறந்துபோய்க் கைப்பேசியைத் திறந்தால் அருகில் இருக்கும் எல்லோருடைய காத்திருப்பும் வீணாகும். தனியாகப் போகிறவருக்கு இந்தக் கட்டுப்பாடு புதிதாக இருக்காது. கூட்டமாக ஒரு நூறு பேர் அதைக் கடைப்பிடிப்பதைப் பார்ப்பதுதான் எனக்குப் புதிது.

நான் நின்ற தொலைநோக்கியைக் கவனித்துக்கொண்டவர், பணி ஓய்வு பெற்று அந்த ஊரில் வசிக்கும் ஒரு பெண்மணி. கூட்டத்துக்கு முதலில் கருவி இல்லாமலே வானத்தைக் காட்டினார். சப்தரிஷி மண்டலம் தலைக்கு மேல் நன்றாக ஏறியிருந்தது. அதன் வாலின் நடு நட்சத்திரத்தை ஒட்டி இன்னொன்று தெரிகிறதா என்று கேட்டார். கல்யாணத்தில் பகல் வெளிச்சத்தில் ஐயர் கை காட்டிய திசையில் ஒன்றும் தெரியாமலே தலையாட்டிய அருந்ததியை அங்கேதான் நிஜமாகப் பார்த்தேன். அடுத்து, மிதுனத்துக்கும் சிம்மத்துக்கும் நடுவே வெறுமையாகத் தோன்றிய இடத்தில், நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பாருங்கள் என்றார். விழித்திரையின் நடுவில் கோல் செல்கள் இல்லை. மங்கலானதைக் காண ஓரக்கண்தான் வேண்டும். அவர் சொன்னபடி பார்த்தபோது ஒரு புகைத் துணுக்கு தெரிந்தது. அது கடக ராசியிலுள்ள பூச நட்சத்திரக் கூட்டம். ஆண்டுதோறும் பூசம் என்று நாள் பார்த்துக் கொண்டாடுகிறவன்தான் நான். நகரத்து வானத்தில் அது வெறுங்கண்ணுக்குத் தெரிவதேயில்லை என்பதால் அதைப் பார்த்ததில்லை. மேற்கே சாய்ந்துகொண்டிருந்த ஓரியன் கச்சையின் மூன்று நட்சத்திரங்களைக் காட்டி, இந்தப் பகுதியின் பூர்வகுடிகள் பலர் அவற்றை மலையாடுகளாகப் பார்த்தார்கள் என்றார். எங்கள் ஊர்க் கணக்கில் அந்தப் பக்கம் மிருகசீரிடம், மானின் தலை என்று நான் சொன்னதும், அப்படியானால் இங்கும் அங்கும் அது ஓடுகிற மிருகம்தான் என்று சிரித்தார்.

அந்த நேரத்தில் வடக்கே வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் சில விளக்குகள் தொங்கின. குழந்தைகள் பறக்கும் தட்டு என்று கத்தினார்கள். ஊருக்கு வடக்கே அமெரிக்க மரைன் படையினரின் பெரிய பயிற்சித் தளம் இருக்கிறது. இரவுப் பயிற்சிக்கு அவர்கள் ஏவும் ஒளிக்குண்டுகள் பாராசூட்டில் மெல்ல இறங்குகின்றன என்று அவர் விளக்கினார். சிரிப்பு அடங்கியபின் ஒரு சிறுமி தென்மேற்கைக் காட்டி, “அப்படீன்னா அது என்ன வெளிச்சம்? நிலாவா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மலைகளுக்குப் பின்னால் வெளிறிய ஒளிக் குவிமாடம் ஒன்று நின்றது. பாம் ஸ்பிரிங்ஸும் கோச்செல்லா பள்ளத்தாக்கின் மற்ற ஊர்களும், அவற்றுக்கு அப்பால் லாஸ் ஏஞ்சலஸ் பெருநகரமும் சேர்ந்து எழுப்பும் வெளிச்சம் என்றார் அந்த அம்மாள். அணைக்கச் சொல்லலாமே என்றாள் சிறுமி. பூங்காவுக்கு அந்த அதிகாரம் இல்லை, பூங்காவின் நிலம் மலையோடு முடிந்துவிடுகிறது, வானம் முடிவதில்லை என்று பதில் வந்தது.

பிறகு வரிசை நகர்ந்துகொண்டிருக்கையில் அவர் தம் தெருவைப் பற்றிச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் வண்டிக்கொட்டகையின் மேல் வெள்ளை வெளேரென்று ஒரு விளக்கை இரவு முழுவதும் எரியவிட்டிருந்தாராம். புகார் கொடுக்க மனமில்லை. திருட்டு பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது. ஒரு சனிக்கிழமை அவரை இங்கே கூட்டிவந்து சனிக் கோளின் வளையத்தைக் காட்டியிருக்கிறார். பார்த்துவிட்டு அந்த மனிதர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். சில நாள் கழித்து விளக்கு இறங்குமுகமாகத் திருப்பப்பட்டு, மேலே ஒரு தகர மூடியும் வந்திருந்தது. ஆள் நடந்தால் மட்டும் எரிகிறது. இன்னொரு பக்கத்து வீட்டுக்காரரையும் பல முறை அழைத்தாராம். அவர் இன்றுவரை வரவில்லை, விளக்கும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

எனக்கு விஷயம் புரிந்தது அந்த வரிசையில் நின்றபோதுதான். முன்னும் பின்னும் நின்றவர்கள் பேச்சுவாக்கில் சொன்ன ஊர்கள் அநேகமாக எல்லாமே அந்தக் குவிமாடத்துக்குக் கீழே இருப்பவை. ஆரம்பத்தில் எரிச்சலூட்டும் அந்த ‘எந்த ஊர்’ விசாரிப்பு, உண்மையில் ஒளி எங்கிருந்து வந்திருக்கிறது என்ற கணக்கெடுப்பாகவும் இருந்தது. இரண்டரை மணி நேரம் கார் ஓட்டி இருட்டைத் தேடி வந்தவர்கள்தான் அந்த வெளிச்சத்தின் உரிமையாளர்கள். அவர்களை ஓரிடத்தில் நிறுத்தி, இரண்டையும் ஒரே சமயத்தில் காட்டுவதற்கு இப்படியொரு கூட்டத்தைத் தவிர வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. என் நண்பரும் தம் கூடாரத்திலிருந்து அதே குவிமாடத்தைப் பல இரவுகள் பார்த்திருப்பார். அவருக்குப் பக்கத்தில் நின்று அது என்ன என்று கேட்க யாரும் இருந்ததில்லை.

பூங்காவின் கையில் இல்லாதவை

ஜோஷுவா ட்ரீ 2017-இல் சர்வதேச இருண்ட வானப் பூங்காவாக அங்கீகாரம் பெற்றது. அந்த அங்கீகாரத்துக்கு, பூங்கா தன் கட்டடங்களின் விளக்குகளைச் சீர்செய்தால் மட்டும் போதாது; இருட்டைப் பற்றிப் பொதுமக்களுக்கு நிகழ்ச்சிகள் நடத்த வேண்டும் என்பதும் நிபந்தனை. இதைப் படித்தபோது, வான்நோக்கு இரவை ஒரு பொழுதுபோக்குச் சேவையாகப் பார்ப்பதே தவறு என்று பட்டது. மரத்தை வெட்டினால் அபராதம் விதிக்கலாம், பாறையில் கிறுக்கினால் வழக்குப் போடலாம். எழுபது மைலுக்கு அப்பாலுள்ள கடைவீதியின் நீலம் கலந்த வெண்ணிற எல்.இ.டி. விளக்கை என்ன செய்வது? குறுகிய அலைநீளமுடைய நீல ஒளி காற்றில் அதிகம் சிதறும் என்பதால் அப்படிப்பட்ட விளக்குகள் மஞ்சள் சாயலுள்ளவற்றைவிட வானத்தை அதிகம் வெளிறவைக்கின்றன. வாங்குகிறவர் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் நிற அளவு மஞ்சள் சாயலுள்ள 3000 கெல்வினா, நீலம் கலந்த 5000 கெல்வினா என்பதைப் பார்த்து வாங்கினால் நிலைமை மாறும். அதைப் பார்க்கத் தூண்டுவதற்குப் பூங்காவிடம் இருப்பது ஒரு தொலைநோக்கியும் ஒரு தன்னார்வலரும்தான்.

இருட்டு மட்டுமே இப்படி என்று நினைத்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பூங்காவின் தலைமையகத்தை ஒட்டி மாரா பாலைச்சோலை இருக்கிறது. பூர்வகுடிகளான செரானோ மக்கள் அங்கே குடியேறியபோது, பிறக்கும் ஒவ்வொரு ஆண்குழந்தைக்கும் ஒரு பனையை நட்டார்கள் என்றும், முதல் ஆண்டில் நட்டவை இருபத்தொன்பது என்றும் ஒரு மரபுக் கதை உண்டு. ட்வெண்டிநைன் பாம்ஸ், அதாவது இருபத்தொன்பது பனைகள், என்ற ஊர்ப் பெயருக்கும் அதையே காரணமாகச் சொல்வார்கள். பின்னர் செமெஹுவேவி என்ற இன்னொரு பூர்வகுடி மக்களும் வந்து சேர்ந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருவருமே அங்கிருந்து போய்விட்டார்கள், போகவேண்டியிருந்தது. இன்று அந்தப் பனைகளைச் சுற்றி நடந்தால் நீரூற்று எங்கே என்று எல்லோரும் தேடுவார்கள். சுற்றுப்புறத்தின் கிணறுகள் நிலத்தடி நீரை இறைக்க இறைக்க, ஊற்று மேலே வருவது நின்றுவிட்டது. பனைகளைக் காப்பாற்றப் பூங்கா நிர்வாகமே தண்ணீர் பாய்ச்சுகிறது.

காற்றும் அப்படித்தான். லாஸ் ஏஞ்சலஸ் பள்ளத்தாக்கின் வாகனப் புகை மலைக் கணவாய் வழியாகக் கிழக்கே வருகிறது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் ஓசோன் மாசு மோசமாக உள்ளவற்றுள் இதுவும் ஒன்று. புகையிலுள்ள நைட்ரஜன் மண்ணில் படிந்து உரமாகி, வெளியிலிருந்து வந்த புல்வகைகளைச் செழிக்கவைக்கிறது. செடிகளுக்கு நடுவே வெறும் மண்ணாக இருந்த இடைவெளியைப் புல் நிரப்பினால், முன்பு ஒரு புதரோடு அணைந்துபோன தீ இப்போது ஓடுகிறது. ஜோஷுவா மரம் தீக்குப் பழகியதில்லை. வடக்கே மொஹாவி காப்பகத்தில் 2020 ஆகஸ்டில் மின்னலால் பிடித்த டோம் தீயில் ஏறத்தாழ 13 லட்சம் ஜோஷுவா மரங்கள் கருகியதாக மதிப்பிடப்பட்டது. இயற்கை நடையில் ரேஞ்சர் காலடியிலிருந்த காய்ந்த புல்லை மிதித்துக் காட்டியது இதற்காகத்தான்.

இந்தப் பூங்கா உண்டானதே வெளியாரிடம் பேசிப் பேசித்தான் என்பதையும் நண்பரிடம் சொல்லியிருக்க வேண்டும். தெற்குப் பசடீனாவில் வசித்த மினெர்வா ஹாமில்டன் ஹாய்ட் என்ற பெண்மணி, தோட்ட அலங்காரத்துக்காகப் பாலைவனச் செடிகள் வண்டி வண்டியாகப் பிடுங்கப்படுவதைக் கண்டு, அவற்றைப் பற்றிய கண்காட்சிகளை நியூயார்க், பாஸ்டன், லண்டன் வரை கொண்டுபோய் வைத்தார். பாலைவனத்தை ஒருபோதும் பார்க்காதவர்களுக்குப் பாலைவனத்தைக் காட்டினார். 1936-இல் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். 1950-இல் சுரங்கத்துக்காக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலம் வெட்டி எடுக்கப்பட்டது. 1994-இல் தேசியப் பூங்காவானபோது கணிசமான பகுதி திரும்பவும் சேர்ந்தது. கோடு இப்படி முன்னும் பின்னும் நகர்ந்ததில் பாலைவனத்துக்குப் பங்கில்லை. பேசியவர்களுக்கும் கேட்டவர்களுக்கும்தான் பங்கு. பூங்காவின் தென்கிழக்கே ஈகிள் மவுண்டனில், கைவிடப்பட்ட இரும்புச் சுரங்கத்தில் லாஸ் ஏஞ்சலஸின் குப்பையை ரயிலில் கொண்டுவந்து கொட்டும் திட்டத்தை அருகில் வாழ்ந்த சிலர் இருபது ஆண்டுகளுக்கு மேல் எதிர்த்து வழக்காடினார்கள். 2013-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

2018 டிசம்பரில் தொடங்கி 35 நாட்கள் நிதி ஒதுக்கீடு இல்லாமல் அமெரிக்க அரசுப் பணிகள் முடங்கியபோது, பூங்கா பெரும்பாலும் ஆளில்லாமல் திறந்தே கிடந்தது. கழிப்பறைகள் நிரம்பின, சிலர் மரங்களைச் சேதப்படுத்தினார்கள், பாதையில்லாத இடத்தில் வண்டி ஓட்டினார்கள். அப்போது கழிப்பறைகளைக் கழுவியதும் குப்பையை அள்ளியதும் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். வான்நோக்கு இரவுகளையும் நடைகளையும் நடத்துகிறவர்களும் இப்படிப்பட்ட ஊர்க்காரர்கள்தான் என்பதால், இரண்டு வேலைகளையும் நான் தனித்தனியாக நினைப்பதில்லை.

குறை இல்லாமல் இல்லை. மூன்று நிகழ்ச்சிகளும் மூன்று வேறு நேரங்களில், வேறு வேறு ஆட்களால் நடப்பதால், பகலில் புல்லைக் காட்டியவரும் இரவில் குவிமாடத்தைக் காட்டியவரும் ஒரே புகையையும் ஒரே நகரத்தையும் பற்றித்தான் பேசினார்கள் என்பதைக் கேட்பவரே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வரலாறு என்றால் கீஸின் பண்ணைக்கு ஒன்றரை மணி நேரம், மாராவில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களுக்குச் சில வாக்கியங்கள் என்ற அளவிலேயே நான் கேட்டிருக்கிறேன். அந்த மக்களின் வழிவந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மலையாடுகளை வானத்தில் காட்ட அவர்களில் ஒருவரே நின்றால், பூசத்தைத் தேடிய என்னைப் போன்றவனுக்கு அந்த இரவு இன்னும் பொருள் உள்ளதாக இருந்திருக்கும். ரேஞ்சர்களின் எண்ணிக்கை குறைந்தால் முதலில் வெட்டப்படுவதும் இந்த நிகழ்ச்சிகள்தான். சாலை பழுதானால் உடனே தெரியும். ஒரு நடை நடக்காமல் போனதால் என்ன இழந்தோம் என்பது யாருக்கும் தெரியாது.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் தனியாகத்தான் போவேன் என்கிறார், போகட்டும். ஆனால் தம் வீட்டு முற்றத்து விளக்கின் கெல்வின் எவ்வளவு என்று கேட்டு எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். எங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் இரவு முழுவதும் எரியும் விளக்குகளைப் பற்றி நானும் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பாதுகாப்பு என்னாவது என்ற கேள்வி எதிர்பார்த்தபடியே முதலில் வந்தது. பல்புகள் பழுதாகும்போது மஞ்சள் சாயலுள்ளவற்றை மாற்றிப் போட ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மேலே மூடி போடுவதற்குச் செலவு எவ்வளவு ஆகும் என்று விலை கேட்டிருக்கிறார்கள். அது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னால் வரும் அமாவாசைக்கு, செயலாளரையும் அவர் மனைவியையும் என் வண்டியில் வரச்சொல்லிக் கேட்டிருக்கிறேன்.